குவியாத இதழ் குற்றமா?

"பாட்டு" என்று ஏட்டிலே இருக்கிறது. சிற்றூர்ச் சிறுவன் படிக்கிறான். ஈற்றிலே அவன் இதழ் குவியவில்லை. உடனே எழுகிறது கண்டனம்: "உகரம் எங்கே? உதட்டைக் குவித்துச் சொல்! சோம்பேறி வாய், சிதைந்த பேச்சு!" கடிபவர் கற்றவர், கடியப்படுபவன் பாமரன் மகன். எனவே குற்றம் சிறுவனுடையதே என்று தீர்ப்புக் கூறிவிடுகிறோம். சான்று கேட்டோமா?

சான்றுக்குக் கண்ணாடி ஒன்று போதும். "குத்து" என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள், தோழர்களே! முதல் எழுத்திலே இதழ் குவிகிறது. ஈற்றிலே அந்தக் குவிவு நெகிழ்ந்துவிடுகிறது. எழுத்திலே இரண்டும் உகரம். ஒலியிலே இரண்டும் வேறு. நாக்கு மேலெழுந்தே நிற்க, இதழ் மட்டும் விலகிக்கொள்கிறது.

இது சோம்பலின் விளைவென்றால் சொல் முழுதும் அல்லவா பரவியிருக்க வேண்டும்? "பசு" என்னும்போது குவிகின்ற இதழ், "காசு" என்னும்போது குவிய மறுப்பானேன்? தனிக் குற்றெழுத்தை அடுத்த உகரம் முழுமையாய் நிற்கும். நெட்டெழுத்தையோ, ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துகளையோ தொடர்ந்து, வல்லின மெய்மேல் ஏறி, ஈற்றிலே வரும் உகரம் குறுகும். விதி ஆளுமிடத்தில் சோம்பலுக்கு ஏது வேலை?

புணர்ச்சியும் இதற்கே சான்று பகர்கிறது. பசு என்பதோடு அல்ல என்பது சேர்ந்தால் "பசுவல்ல". இதழ் குவிந்த உகரம், இதழிலே பிறக்கும் வகரத்தைத் துணைக்கு அழைக்கிறது. காசு என்பதோடு அது சேர்ந்தால் "காசல்ல". குவிவற்ற உகரம் தடமின்றி மறைகிறது. இவ்வேறுபாட்டைப் பாமரன் எந்தப் பள்ளியில் பயின்றான்? பேசிப் பேசியே பயின்றான்!

தொல்காப்பியர் இதைக் கண்டு முகஞ்சுளிக்கவில்லை. உகரம் இதழ் குவிந்து பிறக்கும் என்று பிறப்பியலில் கூறியவர், குற்றியலுகரத்தைச் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாகத் தனித்துப் பிரித்தார். எழுத்ததிகாரத்தின் 9 இயல்களுள் இறுதி இயலையே அதன் புணர்ச்சிக்கென ஒதுக்கினார். ஆயினும் ஒன்று சொல்லியாக வேண்டும். குற்றியலுகரம் என்ற பெயர் அளவைச் சுட்டுகிறதேயன்றி இதழைச் சுட்டவில்லை. அரை மாத்திரை என்று அளந்ததோடு நம் கற்பித்தலும் நின்றுவிட்டது. ஆறு வகையை மனப்பாடம் செய்த மாணவன், தன் வாயிலே அது நிகழ்வதை அறியான்!

மலையாளமோ ஒரு படி முன்னே சென்றது. அங்கும் ஈற்றுகரம் குவிவிழந்தது; அதைக் காட்டப் பிறைக்குறியாகிய சந்திரக்கலையை மெய்யின்மேல் இட்டு எழுதுகின்றனர். நாம் ஒரே வரிவடிவத்தால் இரண்டு ஒலிகளையும் எழுதிவிட்டு, வரிவடிவத்தைக் காட்டி வாயை மிரட்டுகிறோம்.

குவிவிழத்தல் தமிழுக்கு மட்டும் உரியதன்று. ஆங்கிலத்தில் கோப்பையைக் குறிக்கும் "கப்" என்ற சொல் ஒரு காலத்தில் இதழ் குவிந்த உகரத்தோடுதான் ஒலித்தது. 17ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்து அந்தக் குவிவைக் கைவிட்டது. வட இங்கிலாந்தின் பெரும்பகுதி இன்றும் உகரத்தோடே பேசுகிறது. எது நாகரிகமென மதிக்கப்பட்டது? குவிவிழந்த தெற்கத்திப் பேச்சு! அங்கே குவித்தவன் நாட்டுப்புறத்தான். இங்கே குவிக்காதவன் நாட்டுப்புறத்தான். இகழ்ச்சி இதழைப் பார்த்து வரவில்லை, பேசுபவனின் இடத்தைப் பார்த்து வருகிறது என்பது விளங்கவில்லையா?

பேச்சிலிருந்து பிறந்தது எழுத்து. எழுத்துக்கு அடிமையாகப் பேச்சு பிறக்கவில்லை. "பாட்டு" என்று இதழ் குவியாமல் படித்த சிறுவன் இலக்கணத்தின் பக்கம் நிற்கிறான். அதட்டியவரே அதற்கு வெளியே நிற்கிறார். வகுப்பறையிலே பிரம்பை வைத்துவிட்டுக் கண்ணாடியை எடுப்போம். தன் வாயிலே இலக்கணம் வாழ்வதைக் கண்ட பிள்ளை, தன் தாயின் பேச்சுக்காக எவர் முன்னும் தலைகுனியான்!