டார்சியின் மணற்குழாயும் நம்ம லேப் ரெக்கார்டும்

ஹென்றி டார்சி 1856-இல் வெளியிட்ட ‘திஜோன் நகரின் பொது நீரூற்றுகள்’ அறுநூறு பக்கங்களைத் தாண்டும் புத்தகம். பிரான்சின் திஜோன் நகருக்கு ரோசுவார் ஊற்றுத் தண்ணீரை 1840-இல் கொண்டுவந்து சேர்த்த பொறியாளர் அவர். இன்று நிலத்தடி நீர்க் கணக்குகளுக்கெல்லாம் அடிப்படையான டார்சி விதி, அந்தப் புத்தகத்தின் பின்னிணைப்பில் ‘குறிப்பு டி’ என்ற சில பக்கங்களில் இருக்கிறது. பட்ரீசியா போபெக்கின் ஆங்கில மொழிபெயர்ப்பில் (2004) அதை இப்போதுதான் படித்தேன். விதி தெரியும்; அது வந்த வழி தெரியாமலே இத்தனை வருஷம் ஓட்டியிருக்கிறேன்.

பாடப்புத்தகப் படம் சுத்தமாக இருக்கும். டார்சியின் குறிப்பு அப்படி இல்லை. சோதனை நடந்த இடம் ஒரு மருத்துவமனை. அங்கே யாராவது குழாயைத் திறந்து மூடினால் மானோமீட்டரில் பாதரசம் ஆடுகிறது. அதை எழுதியே வைக்கிறார். 35 செ.மீ. விட்டமுள்ள குழாயில் சோன் ஆற்று மணல். ஒரு தொடரில் கழுவாத மணல், அடுத்ததில் கழுவியது, அதற்கடுத்ததில் நன்றாகக் கழுவிய, கொஞ்சம் பெரிய மணல். அதனால் k ஒரே எண்ணாக வரவில்லை. வந்ததை வந்தபடியே அச்சில் கொடுத்துவிட்டார். அடிப்பக்க அழுத்தத்தையும் மாற்றிப் பார்த்தால் விதி நிற்குமா என்ற கேள்விக்கு, 1856 பிப்ரவரியில் ரிட்டர் என்ற பொறியாளர் மறுபடி சோதனை செய்கிறார்.

இதைப் படிக்கும்போது எங்கள் காலேஜ் லேப்தான் ஞாபகம் வந்தது. வென்சுரிமீட்டருக்கு Cd 0.98 வரணும்னு முன்னாடியே தெரியும். 0.91 வந்தால், தொட்டியில் தண்ணீர் 10 செ.மீ. ஏற எடுத்த நேரத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதிவிடுவோம். ரெக்கார்டில் கையெழுத்து விழுந்துவிடும். டியூபில் காற்றுக்குமிழி மாட்டியிருந்ததா, தொட்டி கசிந்ததா என்று யாரும் கேட்டதில்லை. அன்றைய பாடமே அந்த 0.91-தான்!

டார்சியிடமும் குறை இருக்கு. மணலின் குணமும் தண்ணீரின் பாகுநிலையும் ஒரே k-க்குள் அடைந்துவிட்டன. அதே மணலில் சூடான தண்ணீரை விட்டால் k மாறிவிடும். சூத்திரம் அதைச் சொல்லாது.

ஆனால் அவர் தவறவிடாத ஒன்று உண்டு. அழுத்தத்தோடு, வெளியே வந்த தண்ணீரின் அளவையும் அளந்தார். நம் மாடல்களில் பெரும்பாலும் இல்லாதது அதுதான். மோட்ஃப்ளோவில் ஒரு சின்ன மாடல் போட்டுப் பார்த்தேன்: இரண்டு ஆறுகள், நடுவில் நீர்தாங்கி, மேலே மழை ஊறல். ஊறலையும் k-யையும் சேர்த்து இரண்டு மடங்காக்கினேன். நிலைத்த ஓட்டத்தில் கிணற்று நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர்கூட மாறவில்லை. அதாவது, நீர்மட்டத்தை மட்டும் வைத்து மாடலைச் சரிக்கட்டினால், ஊறல் நிஜத்தைவிட இரண்டு மடங்காக இருந்தாலும் கிராஃப் அழகாகப் பொருந்தும். அதை நம்பி ‘இவ்வளவு இறைக்கலாம்’ என்று சொன்னால், இல்லாத தண்ணீருக்கு அனுமதி கொடுக்கிறோம். நிலத்தடி நீர் மாடல்களை நிஜமென்று நிரூபிக்கவே முடியாது என்று 1992-இல் கோனிகோவும் பிரடெஹூஃப்டும் எழுதியது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இதை லேபிலேயே கற்றுக்கொடுக்கலாம். மணற்குழாய் சோதனையை ஒருநாள் வாளி இல்லாமல் செய்யச் சொல்லுங்கள். மானோமீட்டர்கள் மட்டும். எந்த மணலைப் போட்டாலும், அது ஒரே சீரானதாக இருந்தால், நீர்மட்டம் அதே நேர்கோட்டில்தான் இறங்கும். k-யைக் கண்டுபிடி என்றால் மாணவர்கள் திணறுவார்கள். திணறட்டும். பிறகு வாளியைக் கொடுங்கள்.