'எக்ஸ் கிரேஷியா': தொடரும் தமிழாக்கமும்

ஆங்கில ஆட்சி வழக்கில் பயிலும் இலத்தீன் தொடர்களுள் 'எக்ஸ் கிரேஷியா' ஒன்று. அருள், தயவு எனப் பொருள்படும் பெயர் நீங்கல் வேற்றுமை ஏற்று, 'எக்ஸ்' என்னும் முன்னிடையுடன் நிற்கிறது. தமிழில் 'தயவினால்' என ஏதுப்பொருளில் அமையும். எனினும், சட்டப் பொறுப்பை ஏற்காமல் தரப்படும் தொகை என்பதே அதன் ஆங்கில வழக்குப்பொருள். இலத்தீன் அறியாதார்க்கு அதனுள் உறையும் தயவு புலப்படுவதில்லை.

தமிழில் நிலைபெற்றுள்ள 'கருணைத் தொகை' இதனைத் தலைகீழாக்குகிறது. வேர்ப்பொருள் வெளிப்பட, பொறுப்பு மறுப்பு மறைந்துவிடுகிறது. ('எடுத்துக்காட்டாக' என்பதற்கு ஆங்கிலேயர் எழுதும் 'எக்ஸெம்ப்ளி கிரேஷியா'விலும் இதே சொல்தான் உள்ளது, அங்குக் கருணையை எவரும் தேடுவதில்லை.) தமிழகப் பொதுத்துறை நிறுவனங்களில் தீபாவளியையொட்டி அறிவிக்கப்பெற்ற 20 விழுக்காட்டில் 8.33 போனஸ், 11.67 கருணைத் தொகை. தொழிற்சங்கங்கள் கோரிப் பெறும் தொகைக்கு இப்பெயர் பொருந்துவதாகத் தோன்றவில்லை.

இச்சிக்கல் தோட்டப் பகுதிகளில் கூர்மையடைகிறது. இடுக்கி மாவட்டத்துச் சக்குபள்ளம் போன்ற ஏலக்காய் நிலங்களில் பணிபுரியும் தமிழர் 'தனசகாயம்', 'ஆசுவாசதனம்' என்னும் மலையாள வழக்குகளையும் கேட்கின்றனர்; இவை தருபவரின் தயவைச் சுட்டாமல் பெறுபவரின் தேவையைச் சுட்டுவன. அதே மாவட்டத்தில், மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில், 2020 ஆகஸ்டு 6 இரவு தேயிலைத் தோட்டக் குடியிருப்புகள் மண்சரிவில் புதையுண்டன. காணாமற்போனோர் உட்பட 70 பேர் மாண்டனர். உயிரிழந்தோர் குடும்பங்களுக்கு மாநில அரசு 5 இலட்சமும் பிரதமர் நிதி 2 இலட்சமும் அறிவித்தன. தமிழ்ச் செய்தி வழக்கில் இத்தகைய தொகை நிவாரணம், இழப்பீடு, கருணைத் தொகை என மூவகையாகவும் குறிக்கப்பெறுகிறது. இவை ஒருபொருட் பன்மொழி அல்ல. அன்று நடைமுறையிலிருந்த 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், முதலாளி அளித்த வீடு இடிந்து நேரும் சாவுக்கு இழப்பீட்டுப் பொறுப்பை அவர்மீதே சுமத்தியது; இயற்கைச் சீற்றம் மட்டுமே காரணமாயின் விலக்களித்தது. எனவே, உதவித்தொகையை 'இழப்பீடு' என மொழிபெயர்ப்பது எழாத பொறுப்பொன்றை எழுந்ததாகக் காட்டும்; இழப்பீட்டைக் 'கருணை' என்பது உரிமையொன்றை அழிக்கும். இரண்டாவது பிழையே கொடியது.

மூலத்தொடரும் மாறாமல் நிற்கவில்லை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு உயிரிழப்புக்கான 'எக்ஸ் கிரேஷியா' உதவியைக் குறிப்பிட்டது. அதற்கு வழிகாட்டு நெறி வகுப்பது கட்டாயக் கடமை என 2021 ஜூன் 30 அன்று கொரோனா இறப்புகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடமையாகிவிட்ட ஒன்றைக் 'கருணை' என்பது முரண். இவ்விடத்தில் 'துயருதவித் தொகை' எனலாம். ஒப்பந்தங்களிலும் பற்றுச்சீட்டுகளிலுமோ 'பொறுப்பேற்பின்றி வழங்கும் தொகை' என விரித்தெழுதுவதே தகும். சொல் நீண்டாலும், கையொப்பமிடுபவர் எதற்கு இசைகிறார் என்பதை அறிந்து இசைவார்.