குரலின் தேய்வும் நாடகப் பயிற்சியும்

நாடகப் பாடகரின் முதுமையைக் குரலின் தேய்வு ஒன்றைக்கொண்டே அளப்பாருளர். அதனை யாம் ஏற்கிலோம்.

காரைக்காலில் ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழாவிற் போற்றப்பெறும் அம்மையாரின் வரலாறு 1973இல் ஏ. பி. நாகராஜன் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. இளமைப் பருவத்தில் இலட்சுமியும், பேயுருப் பெற்றபின் கே. பி. சுந்தராம்பாளும் அம்மையாராக நடித்தனர்.

1908இல் பிறந்த சுந்தராம்பாள், ஒலிபெருக்கி வாராத நாளில், கடைவரிசையினர்க்கும் சொல் விளங்கப் பாடி மேடையில் வளர்ந்தவர். 65 அகவையை அணுகிய அவர் குரலில் இளமையின் மென்மை இல்லை. சொல்லைச் சிதையாது நிறுத்தும் திண்மையும், பொருளறிந்து அழுத்தும் பயிற்சியும் உள. அழகை உதறிப் பேயுருவை வேண்டிப் பெற்ற அடியார்க்கு இனிமை ஒன்றே உடைய குரல் பொருந்துமோ? குரல் தேய்ந்தவிடத்தைப் பயிற்சி நிரப்பிற்று. பாத்திரமும் அத்தேய்வையே வேண்டி நின்றது.

ஆதலின், இசைநாடகத் திறனாய்வு இனிமையோடு சொல்லையும் பாத்திரத்தையும் உடன்வைத்து அளத்தல் வேண்டும் என்பது எம் துணிபு.