மூணெழுத்து, மூணு வேளை

முத்தாபுதுப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். அவர் ரிப்போர்ட்டில் 'க்ரானிக் கிட்னி டிஸீஸ்' என்று போட்டிருந்தது. "க்ரானிக்னா முத்திப்போச்சுனு அர்த்தம்" என்று யாரோ சொல்லிவிட, வீட்டில் இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. க்ரானிக் என்றால் நாள்பட்டது, அவ்வளவுதான். எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதை அந்த வார்த்தை சொல்லாது. அதற்கு எத்தனையாவது ஸ்டேஜ் என்று பார்க்க வேண்டும். 'அக்யூட்' என்றால் திடீரென்று வந்தது. அது ஜலதோஷமாகவும் இருக்கலாம், மாரடைப்பாகவும் இருக்கலாம்.

அழுததைக்கூட விடுங்கள். நிஜமான ஆபத்து ஒரு பழைய மருந்துச் சீட்டில் இருந்தது. மூட்டு வலி மாத்திரைக்கு எதிரே 'எஸ்.ஓ.எஸ்.' இது லத்தீன் சுருக்கம். 'தேவைப்பட்டால் மட்டும்' என்று பொருள். பெரியவர், மூணெழுத்து என்றால் மூணு வேளை என்று எடுத்துக்கொண்டு மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறார். பல வலி மாத்திரைகள் கிட்னிக்கு ஆகாது என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

மருந்தின் ஜெனரிக் பெயரைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்று 2016-ல் இந்திய மருத்துவக் கவுன்சில் விதியைத் திருத்தியது. நல்ல காரியம். ஆனால் புரியாத சுருக்கத்தை முத்து முத்தாக எழுதினாலும் புரியாதே!

"அப்போ எல்லாத்தையும் தமிழ்ல எழுதிட்டா சரியாப்போச்சு" என்பீர்கள். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. அமெரிக்க மிஷன் டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் 1847-ல் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் 1864 முதல் ஆங்கில மருத்துவத்தைத் தமிழிலேயே கற்றுக்கொடுத்தார். பாடப் புத்தகங்களையும் தமிழில் கொண்டுவந்தார். அசுர சாதனை. அறுவை சிகிச்சை நூலுக்கு (1867) 'இரண வைத்தியம்' என்று பெயர் வைத்தார். ரணம் தெரியாத தமிழன் உண்டா? உடற்கூறு நூலுக்கு (1872) வைத்த பெயர் 'மனுஷ அங்காதிபாதம்'. எங்கேயோ அடிபட்ட மாதிரி இல்லை? முதல் பெயர் நோயாளி வாயில் இருந்த சொல். இரண்டாவது பண்டிதர் வீட்டுச் சொல். புழக்கத்தில் தங்கவில்லை.

இன்றைய கலைச்சொல் அகராதிகளுக்கும் இதே கோளாறு உண்டு. ஸ்கேன், பிரஷர், ஷுகர் எல்லாம் எந்த ஊர்ச் சொல்லாகவும் இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. சீட்டோடு வீட்டுக்கு வருகிறவருக்கு இன்று ராத்திரி எந்த மாத்திரை, எத்தனை நாளைக்கு, என்ன ஆனால் உடனே ஓடிவர வேண்டும், இந்த மூன்றும் தெரிந்தாக வேண்டும். தெரியாவிட்டால் எழுந்திருக்காதீர்கள். கேளுங்கள். வெளியே க்யூ காத்திருக்கட்டும்.

பெரியவருக்கு டாக்டர் மாத்திரையை மாற்றிவிட்டார். புது அட்டையின் பின்னால் மருந்துக் கடைப் பையன் பால்பாயின்ட் பேனாவால் கிறுக்கிக் கொடுத்திருக்கிறான்: 'வலிச்சா மட்டும்.'