ஈ.என்.19 ராடு

கோவை லேத் பட்டறைகளில் ஈ.என்.19 என்ற கலப்பு எஃகு ராடு சுவரோரம் சாய்ந்து கிடக்கும். கறுத்த தோல், பார்க்க ஒரு லட்சணமும் இருக்காது. சக்கில் மாட்டிச் சுழலவிட்டு, கார்பைடு டிப் தொடட்டும். மைல்டு ஸ்டீல் போலக் கொழகொழவென்று இழுபடாது. சீரான சீறலோடு சுருள் கழன்று, வைக்கோல் நிறத்திலிருந்து நீலமாகி, தட்டில் கிணுகிணுவென விழும். உள்ளே வெளிப்படும் வழவழப்பில் நகத்தை ஓட்டிப் பார்க்கத் தோன்றும்.

இந்த எஃகின் குணத்துக்குக் காரணம் சுமார் 1 சதவீதம் குரோமியம், கால் சதவீதத்தை ஒட்டிய மாலிப்டினம். பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கினால் தோலோடு நிற்காமல் உள்ளேயும் இறுகுகிறது. மறுபடி மிதமாகச் சூடேற்றினால் முறுக்கு தாங்கும் பதம் வந்துவிடும். அச்சுத்தண்டு, கியர், தடித்த போல்ட் எல்லாம் இதில் செய்வதுண்டு. டர்னரோ கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார்: சீறல் கிரீச்சென்று மாறினால் பேச்சை நிறுத்தாமலே வேகத்தைக் குறைத்துவிடுவார்.