பதினைந்து நிமிடமா, ஒரு மணி நேரமா?

மூளைக்குக் கதிர் சிகிச்சை தருமுன், வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தின் மேல் இழுத்துப் படியவைப்பார்கள். ஆறியதும் அது முகத்தின் வார்ப்பாக இறுகிவிடும். சிகிச்சையின்போது அந்த மாஸ்க்கை மாட்டித் தலையை மேசையோடு பூட்டுவார்கள். கழற்றும்போது நெற்றியில் கண்ணி கண்ணியாகத் தடம் பதிந்திருக்கும். அதற்குள் கால் மணி நேரம் கிடப்பதும் ஒரு மணி நேரம் கிடப்பதும் ஒன்றாகாது. நேரத்தைக் குறைக்கும் முயற்சியை வெறும் அவசரம் என்று நான் தள்ளாததற்கு இதுவே முதல் காரணம்.

ஸ்வீடன் மருத்துவர் லார்ஸ் லெக்செல் வழிவந்த காமா நைஃப் நிதானமான கருவி. இன்றைய மாதிரிகளில் 192 கோபால்ட்-60 மூலங்களின் கதிர்கள் ஒரே புள்ளியில் குவிகின்றன. கட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் கட்டியின் ஓரம் தாண்டியதும் கதிரின் அளவு சட்டென்று சரிந்துவிடும். கோபால்ட்டின் வீரியமோ சுமார் 5.27 ஆண்டில் பாதியாகிவிடுகிறது. புதிதில் 40 நிமிடம் பிடித்த அதே சிகிச்சைக்கு அப்போது 80 நிமிடம் கதிர் பாய வேண்டும்.

லீனியர் ஆக்சிலரேட்டர் வேறு வழியில் போகிறது. தலைக்குள் ஒரே மையத்தை வைத்து, சுற்றிச் சுழன்றபடி பல கட்டிகளை ஒருசேரத் தாக்குகிறது. கிடக்கும் நேரம் குறைந்தால் நோயாளி அசையும் வாய்ப்பும் குறையும். திரையில் எவ்வளவு அழகான சிகிச்சைத் திட்டமாக இருந்தாலும், தலை நகர்ந்தால் பயனில்லை. வேகமும் தரத்தின் ஒரு பகுதிதான்.

ஆனால் அந்த ஒற்றை மையத்தில்தான் சிக்கலும் இருக்கிறது. தலை ஒரு டிகிரி திரும்பினால், மையத்திலிருந்து 6 செ.மீ. தள்ளியிருக்கும் கட்டி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் விலகும். அதற்கு ஈடாகச் சுற்றிலும் ஒரு மி.மீ. கூட்டினால், 5 மி.மீ. உருண்டை 7 மி.மீ. ஆகிறது, கன அளவு இரண்டே முக்கால் மடங்கு. கூடிய அத்தனையும் நல்ல மூளை. அருகருகே கட்டிகள் இருந்தால் இடைப்பட்ட பகுதியிலும் கதிர் கசிந்து சேரும். ஒரே அமர்வு சிகிச்சையில் 12 கிரே கதிர் பெறும் மூளையின் அளவு கூடக்கூட, பின்னாளில் திசு நசியும் ஆபத்தும் கூடும். திட்டத்தில் நான் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான். அதுவும் பார்வை நரம்புக்கான கதிர் வரம்பும் சரியான பிறகே நேரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

தரத்தின் பெயரால் நேரத்தை விரயமாக்குவதும் உண்டு. கட்டிக்கு வெளியே கதிர் எவ்வளவு சட்டென்று சரிகிறது என்று காட்டும் குறியீட்டில் ஒரு தசமத்தைத் திருத்த இருபது நிமிடம் கூட்டுவதால் நோயாளிக்கு என்ன லாபம் என்று கேட்டே ஆகவேண்டும். அதே சமயம், மூளை முழுவதற்கும் தரும் சிகிச்சையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியைத் தவிர்ப்பதற்கான கூடுதல் உழைப்பு வீண்போகவில்லை. 2020இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில், மெமன்டைன் மருந்தும் பெற்ற இரு பிரிவினரில் ஹிப்போகேம்பஸ் காக்கப்பட்டவர்களுக்கு நினைவும் சிந்தனையும் மங்குவது குறைந்தது. ஆயுளில் வேறுபாடு இல்லை. அங்கே கூடுதல் நேரம் நினைவாற்றலைக் காத்தது.

நேரத்தை அளக்கும் முறையிலும் எனக்குக் குறை உண்டு. திட்டத்தில் காட்டப்படுவது கதிர் பாயும் நிமிடங்கள் மட்டுமே. மாஸ்க் பூட்டி, படம் எடுத்து, மேசையைத் திருத்தி, மறுபடி படம் எடுக்கும் நேரம் அதில் வராது. நோயாளிக்கு நேரம் தொடங்குவதோ மாஸ்க்கின் முதல் பூட்டு விழும்போதே.