பையில் சிக்காத ரிவால்வர்

குட்டை ரிவால்வரின் வரலாறு முழுக்கக் கழித்தல் கணக்குதான். குழலைக் குறைத்தார்கள்; சுத்தியின் கொம்பை வெட்டினார்கள்; கைப்பிடியின் அடிமுனையை உருட்டினார்கள்; கடைசியில் குழல்முனையில் நின்ற குறிமுனையையும் இழைத்து எடுத்தார்கள். இந்தக் கடைசிக் கழித்தலைத்தான் இன்றும் பலர் ஏற்பதில்லை. குறி பார்க்க வழியில்லாத துப்பாக்கி பாதித் துப்பாக்கி என்பது அவர்கள் கட்சி. இலக்குப் பலகைக்கு முன் நின்று சுடுபவருக்கு அது சரி. சட்டைக்கு அடியிலோ கால்சட்டைப் பையிலோ கிடந்து, கைக்கெட்டும் தூரத்து ஆபத்துக்கு மட்டும் வெளியே வரும் கருவிக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

கணக்கைப் பார்த்தாலே இது விளங்கும். இரண்டு அங்குலக் குழலில் பின்பள்ளத்துக்கும் குறிமுனைக்கும் இடையே 90 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டும் ஒரு மில்லிமீட்டர் கோணினால் ஏழு மீட்டரில் குண்டு எட்டு சென்டிமீட்டர் அளவுக்கு விலகும். மூன்று மீட்டரில் அதே பிழை மூன்று சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். ஒன்றரை மீட்டரில் இரண்டு சென்டிமீட்டரைக்கூட எட்டாது. அந்தத் தூரத்தில் கண்ணுக்கும் குழலுக்கும் நடுவே குறிமுனையைத் தேடுவதற்கு நேரமும் இராது, வெளிச்சமும் இராது. இன்னொன்றும் உண்டு. இந்த வகைத் துப்பாக்கிகளில் இருக்கும் அசையாக் குறி ஏதாவது ஒரு குண்டின் எடைக்குத்தான் ஒத்துவரும். 158 கிரெய்ன் குண்டுக்கு நேராக நிற்கும் குறி, 110 கிரெய்ன் குண்டைத் தாழ்வாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஆகக் குறிமுனையோடு சேர்ந்து போவது பலர் நினைக்கிற அளவுக்குப் பெரிய சொத்து அல்ல.

இந்தக் கழித்தல் கலையின் தலைமகன் ஜான் ஹென்றி ஃபிட்ஸ்ஜெரால்ட். 1918இல் ஹார்ட்ஃபோர்டிலிருந்த கோல்ட் நிறுவனத்தில் சேர்ந்தவர். ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் நடக்கும் தேசியச் சுடுபோட்டிகளில் கோல்ட் கூடாரத்தில் அமர்ந்து, வந்தவர்களின் துப்பாக்கிகளைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர். அவர் கைப்பட மாற்றியமைத்த ரிவால்வர்களுக்கு ‘ஃபிட்ஸ் ஸ்பெஷல்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் எடுத்துக்கொண்டது கோல்ட்டின் சிறிய ரிவால்வர்களை மட்டுமல்ல; .45 காலிபர் நியூ சர்வீஸ் என்ற மாமிச மலையையும் எடுத்துக்கொண்டு, குழலை இரண்டு அங்குலமாக வெட்டி, தோட்டா வெளியேற்றும் தண்டை அதற்கேற்பக் குறுக்கி, சுத்தியின் கொம்பை நீக்கி, கைப்பிடியின் கூரான அடியை உருட்டிவிட்டார். அப்படிப்பட்ட இரண்டு .45களைக் கால்சட்டையின் முன்பைகளில் பக்கத்துக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு நடமாடினார். பெரிய துப்பாக்கியைப் பைக்குள் அடக்க முடியும் என்பதற்கு அவர் உடம்பே சாட்சி.

ஃபிட்ஸ் ஸ்பெஷலைப் படத்தில் பார்ப்பவரின் கண் முதலில் போவது விசைக்காப்பு வளையத்தின்மேல். அதன் முன்பாதி இருக்காது, வெட்டி எறியப்பட்டிருக்கும். பெரிய விரலோ கையுறை போட்ட விரலோ தடையில்லாமல் விசையில் சேர வேண்டும் என்பது காரணம். 1930இல் வெளிவந்த ‘ஷூட்டிங்’ என்ற அவருடைய நூலும் இந்த மாற்றங்களைப் பேசுகிறது. ஃபிட்ஸ்ஜெரால்டைக் கொண்டாடுபவர்கள் இந்த இடத்தில் அவரோடு முரண்பட்டே ஆக வேண்டும். வெட்டிய வளையத்துக்குள் சாவிக்கொத்தோ சட்டை நுனியோ நுழைந்துவிட முடியும். பக்கவாட்டில் அழுத்தம் விழுந்தால் மிச்சமிருக்கும் பாதி வளைந்து விசையையே அடைத்துவிடவும் கூடும். கழிக்கக் கூடாததைக் கழித்த ஒரே இடம் இது. ஆனால் குறிமுனையை அவர் பெரும்பாலும் விட்டுவைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. அந்தக் கடைசி அடியைப் பின்னால் வந்தவர்கள் வைத்தார்கள்.

அவர் காலத்துக் கோல்ட்டிலிருந்தே 1927இல் டிடெக்டிவ் ஸ்பெஷல் வந்தது. போலீஸ் பாசிட்டிவ் ஸ்பெஷலின் குழலைக் குறைத்த வடிவம்; .38 ஸ்பெஷல், ஆறு தோட்டா, சுமார் 600 கிராம். அதன் ஆரம்பகாலக் குறிமுனை அரைநிலா வடிவத்தில் இருந்தது. பின்விளிம்பு துணியைக் குத்தாமல் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பிற்பாடு வந்த சரிவுக் குறிமுனை பார்வைக்குத் தெளிவுதான். அழகில் அரைநிலாவுக்கு அருகே வராது. ஷாங்காய் நகரக் காவல்துறையில் பணியாற்றிய ஃபேர்பேர்னும் சைக்ஸும் 1942இல் எழுதிய ‘ஷூட்டிங் டு லிவ்’ நூலிலும் வெட்டிக் குறுக்கிய நியூ சர்வீஸ் இடம்பெற்றிருக்கிறது. மிக நெருக்கத்தில் கண்ணைவிடக் கையை நம்பச் சொன்ன பள்ளி அது.

சுத்தியை மறைக்கும் யோசனை ஃபிட்ஸ்ஜெரால்டுக்கும் முந்தியது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1887லேயே சுத்தியைச் சட்டகத்துக்குள் புதைத்து ‘சேஃப்டி ஹாமர்லெஸ்’ என்று விற்றது. கைப்பிடியின் பின்புறத்தை அழுத்திப் பிடித்தால்தான் சுடும் என்பதால் அதை ‘எலுமிச்சை பிழிவான்’ என்று செல்லமாக அழைத்தார்கள். 1950இல் வந்த ஐந்து தோட்டா ‘சீஃப்ஸ் ஸ்பெஷல்’ திறந்த சுத்தியோடு வந்தது. நிறுவனத்தின் நூற்றாண்டையொட்டி 1952இல் வந்த ‘சென்டெனியல்’ மறுபடியும் சுத்தியை உள்ளே அனுப்பியது. 1955இன் ‘பாடிகார்ட்’ இருபுறமும் மதில் எழுப்பி நடுவே கொம்பின் நுனியை மட்டும் காட்டியது. அந்த இடுக்கில் பைத்தூசு சேரும். பைக்கு ஏற்றது சென்டெனியல்தான். முதுகு வளைந்து உயர்ந்திருப்பதால் கையை மேலே ஏற்றிப் பிடிக்கலாம். உதைப்பு நேராக முன்கைக்குப் போகும். சட்டைப்பைக்குள்ளிருந்தே சுட நேர்ந்தாலும் துணியில் மாட்டிக்கொள்ளச் சுத்தி வெளியே இல்லை.

குறிமுனையே இல்லாமல் தொழிற்சாலையிலிருந்து வருவதில் இன்று பெயர் பெற்றது சார்ட்டர் ஆர்ம்ஸின் ‘பூமர்’. டக் மெக்லெனஹன் 1964இல் கனெக்டிகட்டில் தொடங்கிய நிறுவனம் அது. அவர்களுடைய .44 ஸ்பெஷல் ‘புல்டாக்’ 1973இலிருந்து புழக்கத்தில் இருப்பது. பூமர் அதன் பிள்ளை. ஐந்து தோட்டா, முனை நோக்கி ஒடுங்கும் இரண்டு அங்குலக் குழல், விசையை இழுத்து மட்டுமே சுடக்கூடிய அமைப்பு. குழல்முனை மொழுக்கென்று இருக்கிறது. எந்தத் துணியும் அதைப் பிடித்துக்கொள்ளாது. கொள்கையளவில் இதுவே ஃபிட்ஸ்ஜெரால்ட் தொடங்கியதன் முடிவு. ஆனால் அந்தக் குழலில் மேல்நோக்கித் துளைகள் போட்டிருப்பது கொள்கைக்கே முரண். உதைப்பைத் தணிக்கும் துளைகள் சூட்டுவாயுவையும் தீப்பிழம்பையும் மேலே பீய்ச்சுகின்றன. துப்பாக்கியை இடுப்போரம் ஒட்டிப் பிடித்துச் சுடும் நிலையில் அந்தப் பிழம்பு சுடுபவரின் நெஞ்சையும் முகத்தையும் நோக்கித்தான் வரும். நெருக்கத்துக்கென்றே குறிமுனையை நீக்கிவிட்டு, நெருக்கத்தில் இடைஞ்சலாவதைச் சேர்த்திருக்கிறார்கள். துளையில்லாத குழலோடு அதே துப்பாக்கி வந்தால் குறை சொல்ல ஒன்றும் இராது.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் தள்ளிவிட முடியாது. இருட்டில் ஒளிரும் டிரிடியம் புள்ளி, கைப்பிடியை இறுக்கினால் செம்புள்ளி பாய்ச்சும் லேசர் என்று அவர்கள் நிறையச் சேர்த்துவிட்டார்கள். லேசருக்கு ஒரு நியாயம் உண்டு: குழலின் வெளிவடிவத்தை அது கெடுப்பதில்லை. விசையை இழுக்கையில் கை எவ்வளவு ஆடுகிறது என்பதைச் சுவரில் காட்டிக்கொடுப்பதால் பயிற்சிக்கும் உதவும். உயர்த்திக் கட்டிய ஒளிப்புள்ளிக் குறிகளின் நிலை வேறு. பைக்குள் போகும் துப்பாக்கியின் தலையில் அவை கூரை போடுகின்றன. பத்து மீட்டருக்கு அப்பால் துல்லியம் வேண்டுபவர், வேண்டியது வேறு துப்பாக்கி என்பதை ஒப்புக்கொண்டு நான்கு அங்குலக் குழலுக்குப் போய்விடுவது நேர்மை.

குறிமுனையை எடுத்த பிறகு பாரமெல்லாம் விசையின்மேல் வந்து விழுகிறது. தேர்வு செய்பவர் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். சுத்தி மறைந்த சிறு ரிவால்வரின் விசையை இழுக்க ஏறத்தாழ 12 பவுண்டு, அதாவது ஐந்தரைக் கிலோ அழுத்தம் தேவை. துப்பாக்கியின் எடையோ அரைக் கிலோவுக்குள். தன் எடையைப் போல் பத்து மடங்குக்கு மேல் இழுக்கப்படும் பொருள் கையில் ஆடாமல் நிற்க வேண்டும். குண்டு தவறிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் கண்ணில் இல்லை, இந்த இழுப்பில் இருக்கிறது. நல்ல விசை தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஒரே கனத்தில் உருள வேண்டும். நடுவில் நெருடக் கூடாது. விட்டதும் விரலைத் தள்ளிக்கொண்டு முன்னே திரும்ப வேண்டும். பழைய கோல்ட்டின் விசை கடைசிப் பகுதியில் கனத்துக்கொண்டே போகும். சிலருக்கு அது குறை. பழகியவருக்கோ ‘இதோ வெடிக்கப்போகிறது’ என்று விரலிடம் சொல்லும் குறிப்பு அது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் இழுப்பு சமமானது. 2009இல் வந்த ரூகர் எல்.சி.ஆர். உராய்வைக் குறைக்கும் சுழல்விளிம்பு ஒன்றை வைத்து, அளவில் கனமான இழுப்பையும் விரலுக்கு இலேசாக்கியது. கூடு பாதி பாலிமர், எடை சுமார் 380 கிராம், பார்க்க அழகும் இல்லை. ஆனால் கடையிலிருந்து எடுத்த எடுப்பில் இவ்வளவு நல்ல விசை இந்த வகையில் அபூர்வம்.

தரம் இறங்கிய கதையும் விசையோடு சேர்ந்ததே. டிடெக்டிவ் ஸ்பெஷலின் உட்பொறியை, இரட்டை இதழ் வில்லும் அதன் நெம்புகளும் ஒன்றோடொன்று இசையும்படி, தேர்ந்த கைவினைஞர் ஒருவர் அரத்தை வைத்துத் தொட்டுத்தொட்டுப் பொருத்த வேண்டியிருந்தது. அந்தக் கூலியைத் தாங்கும் சந்தை இல்லாமல் போனதில் வியப்பில்லை. 1986இல் அதன் தொடர் உற்பத்தி நின்றது. இன்று விசையும் சுத்தியும் உலோகத்தூளை அச்சில் அழுத்திச் சுட்டு எடுக்கப்படுகின்றன. அளவு பிசகுவதில்லை, உடைவதும் அரிது. ஆனால் ஓர விளிம்புகளை உருட்ட யாரும் உட்காருவதில்லை. 2001க்குப் பிறகு ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் சட்டகத்தின் இடப்புறத்தில் ஒரு சாவித்துளையும் வந்து சேர்ந்தது. நூறு ஆண்டுகளாக ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு வந்த துப்பாக்கியில் அது அநாவசியக் கூட்டல். துளையில்லாமல் வரும் 642, 442 வகைகளைத் தேடி வாங்குகிறவர்களின் பிடிவாதம் நியாயமானது.

எடை விஷயத்தில் பேராசை ஆகாது. எஃகுச் சட்டகம் 550 கிராம் பக்கம்; அலுமினியச் சட்டகம் 420 கிராம் பக்கம்; ஸ்காண்டியம் கலந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 340பிடி 340 கிராமுக்குள். கடைசியதில் .357 மேக்னம் சுடலாம் என்பது பெருமையாகச் சொல்லப்படுகிறது. அதன் குழலிலேயே 120 கிரெய்னுக்குக் குறைந்த குண்டு வேண்டாம் என்று பொறித்திருக்கிறார்கள். இலேசான குண்டு டைட்டேனிய உருளையைச் சீக்கிரம் அரித்துவிடக்கூடும் என்பதுதான் காரணம். அதோடு, உதைப்பின் வேகத்தில் அடுத்த அறைகளிலிருக்கும் தோட்டாக்களின் குண்டுகள் உறையிலிருந்து நழுவி முன்னே வந்து உருளையையே பூட்டிவிடவும் கூடும். ஒருமுறை சுட்டதும் மறுமுறை சுட மனம் வராத துப்பாக்கியில் யாரும் பயிற்சி செய்வதில்லை. அலுமினியமே நடுவழி. இடுப்புவாரில் அணிபவர் எஃகை யோசிக்கலாம்.

குறிமுனை இல்லாதபோது துப்பாக்கியின் திசையைக் கைப்பிடிதான் சொல்கிறது. கண்ணை மூடிக்கொண்டு காலித் துப்பாக்கியை ஒரு புள்ளியை நோக்கி நீட்டி, பிறகு கண்ணைத் திறந்து பார்ப்பது பழைய சோதனை. குழல் எப்போதும் மேலே பார்த்தால் கைப்பிடி அந்தக் கைக்கு உரியதல்ல. விசைவளையத்துக்குப் பின்னாலுள்ள பள்ளத்தை நிரப்பும் சிறு வார்ப்புத்துண்டான டைலர் டி-கிரிப், பல பழைய துப்பாக்கிகளை இந்தச் சோதனையில் தேற வைத்திருக்கிறது. கிரெய்க் ஸ்பீகல் வடித்த ‘பூட் கிரிப்’ சட்டகத்தின் அடியைத் தாண்டாமலே விரல்களுக்கு இடம் கொடுக்கிறது. ரப்பர் கைப்பிடி உதைப்பைத் தாங்கும். ஆனால் சட்டையின் உட்புறத்தில் ஒட்டிப் பிடித்துக்கொள்ளும். மறைத்து வைப்பதற்கு மழுமழுப்பான மரமே மேல்.

பையில் உறையில்லாமல் போடுவதை எந்தக் காரணத்துக்காகவும் ஏற்க முடியாது. உறை விசைவளையத்தை முழுக்க மூட வேண்டும், துப்பாக்கியை நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும், உருவும்போது தான் பையிலேயே தங்க வேண்டும். அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. வாரம் ஒருமுறை தோட்டாக்களை எடுத்துவிட்டு, உருளைக்கும் சட்டகத்துக்கும் நடுவே சேர்ந்த பஞ்சுத்தூசைத் துடைப்பதும் தேர்வின் பகுதிதான். வீட்டுக்குள் வந்ததும் பூட்டி வைக்க இடமில்லாதவருக்கு எந்தத் துப்பாக்கியும் ஏற்றதல்ல.

தோட்டாவில் வேகத்தைத் துரத்துவது வீண். குட்டைக் குழல் அதைக் கொடுக்காது. 158 கிரெய்ன் ஈயக்குண்டு பல காலம் காவலர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்தது. இலக்குப் பயிற்சிக்கென்று செய்யப்பட்ட 148 கிரெய்ன் தட்டைமுனைக் குண்டு இலகுரகத் துப்பாக்கிக்கு இன்னும் இணக்கமானது. உதைப்பு மென்மை, துளை முழு விட்டம். அதன் தட்டைமுனையால் மறுநிரப்பு மட்டும் தாமதமாகும். வெளியேற்றும் தண்டு குட்டையாதலால் காலி உறைகள் முழுமையாக வெளியே வராமல் பாதியில் நிற்பதும் உண்டு. குழலை வானம் பார்க்கத் தூக்கி, தண்டை உள்ளங்கையால் ஒரே அடியாக அடித்தால் அவை விழுந்துவிடும். மறுநிரப்புக்கு வட்டமான வேகநிரப்பி பையைப் புடைக்கச் செய்யும். ஆறு தோட்டாக்களை வரிசையாகப் பிடித்து வைக்கும் பியாங்கி ரப்பர்ப் பட்டை கைக்கடிகாரப் பையில் தட்டையாகக் கிடக்கும். ஐந்து அறைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் அதன் ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அதையே விரல்பிடியாக வைத்துக்கொள்கிறார்கள்.